கோயிலில் பயன் சொன்ன தமிழ்: நம்பிக்கை இல்லாமல் எங்கள் பண்பாடு மீண்டிருக்குமா?

வண்ணை மைந்தன் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் கந்தபுராணம் படிக்கத் தொடங்கினால் முடிய மாதக்கணக்கில் ஆகும். 10,345 செய்யுள் அல்லவா. பின்னேரப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் பாய் விரித்து, குத்துவிளக்கு ஏற்றி, பட்டுத் துணியில் சுற்றி வைத்த புத்தகத்தைப் பிரிப்பார்கள். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். ஒரே மூச்சில் வாசிக்க மாட்டார். சொல்லைப் பிரித்து, துண்டு துண்டாகக் கொடுப்பார். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு துண்டுக்கும் பொருள் சொல்லிக்கொண்டே போவார். இதற்கு எங்கள் பக்கத்தில் 'பயன் சொல்லுதல்' என்று பெயர். பயன் சொன்னது என் அப்பா.

அப்பா புகையிலைத் தோட்டக்காரர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. பகல் முழுக்கத் தோட்டத்தில் நின்றவர், இரவில் குளித்துவிட்டுச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, 'திகட சக்கர' என்ற முதல் செய்யுளில் 'திகழ் தச' எப்படித் 'திகடச' ஆனது என்று விளக்குவார். கேட்பவர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். ஒருநாள் தூணோரம் இருந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர், "தம்பி, அந்த இடத்தில மா எண்டது குதிரையெல்லோ, மரமில்லை" என்றார். அப்பா நிறுத்தி, செய்யுளை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஓம் ஐயா, குதிரைதான்" என்று திருத்திச் சொன்னார். எனக்கு அப்போது பத்து வயது. தமிழ் எனக்குள் இறங்கியது அந்தப் பாயில்தான்.

யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை இதைத்தான் கந்தபுராணக் கலாசாரம் என்றார். இந்தக் கலாசாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புத்துயிர் பெற்றதற்கு முதற்காரணம் ஆறுமுக நாவலர். வெஸ்லியன் மிசன் பாடசாலையில் படித்தவர், அங்கேயே கற்பித்தவர், பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்கியவர். 1847 டிசம்பர் 31, ஒரு வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தன் முதல் பிரசங்கத்தைச் செய்தார். அடுத்த வருடம் சைவப்பிரகாச வித்தியாசாலை. அப்புறம் அச்சுக்கூடம், பாலபாடம், பெரியபுராண வசனம். சாதாரண மனிதன் எழுத்துக்கூட்டிப் படித்து விளங்கிக்கொள்ளக்கூடிய தமிழ் உரைநடையை அந்த ஒரு மனிதரின் பக்தி உண்டாக்கிக் கொடுத்தது.

இப்போது நான் இருப்பது ரொறன்ரோவில். கோயில் எங்கள் ஊர்க் கோயிலைவிடப் பல மடங்கு பெரிது. தேர் இருக்கிறது, தவில் நாதஸ்வரத்துக்கு ஊரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இப்படி வாசித்துப் பயன் சொல்லும் புராண படனம் இல்லை. நிருவாகத்தில் கேட்டேன். "ஆர் அண்ணை வந்து இருக்கப்போகினம்?" என்றார்கள்.

அதனால் கேட்கிறேன். எங்கள் பண்பாட்டை மீட்டது நம்பிக்கையா? நம்பிக்கைதான் என்றால், நம்பிக்கை குறையாத இந்த ஊரில் அது ஏன் மீளவில்லை?

---

கோண்டாவில் ரவி எழுதியது:

எங்கள் கோயிலில் படனம் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு நின்றது. வாசிப்பவர் வன்னியில் காலமாகிவிட்டார். திரும்பி வந்தபோது புத்தகம் மண்டபத்து அலுமாரியிலேயே இருந்தது, பாதியைக் கறையான் தின்றிருந்தது. புதுப் புத்தகம் வாங்கிவிட்டோம். பயன் சொல்லத்தான் ஆள் இல்லை.

---

இளங்கதிர் எழுதியது:

அண்ணா, உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஆனால் முடிவோடு உடன்பட முடியவில்லை. நாவலருக்கு முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள்.

அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816. வட்டுக்கோட்டை செமினரி 1823. உதயதாரகைப் பத்திரிகை 1841. பள்ளிக்கூடம், அச்சு, பத்திரிகை, சிறுபிள்ளைகளுக்கான பாடப்புத்தகம், மேடையில் நின்று உரைநடையில் பேசுகிற பிரசங்கம் எல்லாமே அவர்கள் கொண்டுவந்தவை. நாவலர் அந்தக் கருவிகளை எடுத்துச் சைவத்துக்குப் பயன்படுத்தினார். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் பக்தி அவருக்கு முன்னும் யாழ்ப்பாணத்தில் இருந்ததே, அப்போது ஏன் இந்த மறுமலர்ச்சி வரவில்லை? போட்டி வந்தது, கூடவே அச்சும் வந்தது, அதனால் வந்தது. நம்பிக்கையை முதற்காரணம் என்பது வண்டிக்கு அச்சாணியை விட்டுவிட்டுக் கொடியைக் கும்பிடுவது போல.

சி. வை. தாமோதரம்பிள்ளையையும் பாருங்கள். வட்டுக்கோட்டையில் படித்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை என்று வரிசையாகப் பதிப்பித்தார். அவரை ஓட்டியது சமயத்தைவிட ஏட்டுச்சுவடி செல்லரித்துப் போகிறதே என்ற தவிப்பு.

---

வண்ணை மைந்தன் எழுதியது:

தம்பி, கருவி அவர்களுடையதுதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சுக்கூடம் வைத்திருந்த எல்லாரும் நாவலர் ஆகவில்லை. மனிதர் கல்யாணம் செய்யவில்லை, சம்பள வேலையை விட்டார், திண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கி வீடு வீடாகப் போய்ப் பணம் கேட்டார். 1877 பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்து ஊருக்குச் சோறு போட்டார். போட்டி மட்டும் ஒரு ஆளை முப்பது வருடம் இப்படி ஓடவைக்குமா?

தாமோதரம்பிள்ளையும் பிறகு சைவராகவே வாழ்ந்தவர். அவருடைய தவிப்பை நம்பிக்கையிலிருந்து பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை.

---

குடந்தை சுந்தர் எழுதியது:

யாழ்ப்பாணத்து விஷயத்தில் ஒரு கும்பகோணத்துக்காரன் நுழைவதற்கு மன்னிக்கவும். உங்கள் இருவருக்கும் நடுவில் எங்கள் ஊர்ச் சம்பவம் ஒன்று இருக்கிறது.

உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர். 1880ல் முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் என்னென்ன படித்தீர்கள் என்று கேட்கிறார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்குகிறார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார் முதலியார். இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், திருவாவடுதுறை மடத்தில் வளர்ந்தவர், அவருக்கே அந்த நூல் தெரியாது. காரணம் அது சமணக் காப்பியம். சைவ மடத்தில் அதை யாரும் பாடம் சொல்லவில்லை.

சுவடி கிடைத்துப் படிக்கத் தொடங்கியதும் சமணக் கலைச்சொற்கள் புரியவில்லை. கும்பகோணத்திலேயே இருந்த ஒரு ஜைனர் வீட்டுக்குப் போகிறார். வாசலில் தோரணம் கட்டியிருக்கிறது. என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணி படித்து வந்தோம், இன்றைக்குப் பூர்த்தி என்கிறார்கள்! சில தெரு தள்ளி, அந்த நூல் செத்துப்போகாமல் இருந்திருக்கிறது. கல்லூரியில் இல்லை, மடத்தில் இல்லை. அதைப் படிப்பது புண்ணியம் என்று நினைத்த குடும்பங்களில் இருந்தது. அவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் 1887ல் பதிப்பு வந்தது.

இளங்கதிர் சொல்வது போல அச்சு இல்லாமல் அது நமக்கு வந்திருக்காது. வண்ணை மைந்தன் சொல்வது போல அந்த ஜைனர் வீட்டு நம்பிக்கை இல்லாமல் அச்சேற்ற அர்த்தமே மிஞ்சியிருக்காது. ஓலையில் எழுத்து மட்டும்தான் இருக்கும், பொருள் இருக்காது.

ஆனால் நம்பிக்கையின் மறுபக்கமும் இதே கதையில் இருக்கிறது. இலக்கணக்கொத்து எழுதிய சுவாமிநாத தேசிகர் எவ்வளவு பெரிய அறிஞர். அவரே பத்துப்பாட்டு, எட்டுத்தொகை, சிந்தாமணி இதையெல்லாம் படிப்பது வாழ்நாளை வீணாக்குவது என்ற பொருளில் எழுதி வைத்தார். ஒரு நம்பிக்கை தன் நூலைக் காப்பாற்றியது. இன்னொரு நம்பிக்கை அதைப் பாடத்தை விட்டுத் தள்ளியது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உங்கள் 'திகட சக்கர'த்தைப் பற்றியே. காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்பர் தாம் பாடிய கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, அந்தப் புணர்ச்சிக்கு இலக்கணம் இல்லை என்று அவையில் தடுத்தார்கள் என்றும், சோழநாட்டிலிருந்து வந்த ஒரு புலவர் வீரசோழியத்தைக் காட்டித் தீர்த்துவைத்தார் என்றும் கதை உண்டு. கதையோ நடந்ததோ, வீரசோழியம் எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். முருகன் புராணத்தின் முதல் சொல்லுக்கே பௌத்தரின் இலக்கணம் துணை நிற்க வேண்டியிருந்தது என்பதைச் சைவர்களே தலைமுறை தலைமுறையாக மகிழ்ந்து சொல்லி வந்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த பகுதி அது.

---

வண்ணை மைந்தன் எழுதியது:

சுந்தர் ஐயா, அப்பா திகட சக்கரத்துக்குப் பயன் சொல்லும்போது 'வீரசோழிய விதி' என்பார். அது ஒரு பௌத்தரின் நூல் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். கேட்க ஆள் இல்லை.

---

பனைநிழல் எழுதியது:

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதுகிறேன்.

என் அம்மாவின் தகப்பனார் பனையில் கள் இறக்கும் சீவல் தொழில் செய்தவர். அவருக்குக் கந்தபுராணத்தில் யுத்த காண்டம் கதை முழுக்கத் தெரியும். பானுகோபன் எந்தப் படலத்தில் எந்த ஆயுதத்தை எடுத்தான் என்று வரிசை பிசகாமல் சொல்லுவார். சில செய்யுளை இராகத்தோடே சொல்லுவார். எழுதப் படிக்கத் தெரியாது.

எப்படித் தெரியும் என்றால், கோயில் வெளிமதிலுக்கு அப்பால் பூவரச மரத்தடியில் இருந்து கேட்டார். உள்ளே போக முடியாது. பயன் சொல்பவர் சத்தமாகச் சொன்னால் கேட்கும். மழை பெய்தால் கேட்காது. அதனால் மழை பெய்த நாட்களின் கதை அவருக்குத் தெரியாது. அம்மா இதை ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. "அப்புவுக்கு அந்த இடம் வராது, அண்டைக்கு மழை" என்று சாதாரணமாகச் சொல்லுவார்.

வண்ணை மைந்தன் அண்ணை, உங்கள் அப்பா நல்லவர் என்று எழுத்திலேயே தெரிகிறது. அந்தப் பாயில் யார் யார் இருந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. யார் இருக்க முடியாது என்பதும் அந்தப் பண்பாட்டின் பகுதிதான். நாவலர் சாதி ஒழுங்கை விடவில்லை. சைவத்தையும் தமிழையும் அவர் மீட்ட அதே கையால் அந்த மதிலையும் பூசிக் கொடுத்தார். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது 1957. அதற்குப் பதினொரு வருடம் கழித்து, 1968ல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் எங்கள் ஆட்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டி வந்தது.

தேசியப் பண்பாடு என்று எழுதும்போது தேசம் என்றால் மதிலுக்கு உள்ளேயா வெளியேயுமா என்று சொல்லிவிட்டு எழுதுங்கள்.

---

நல்லூரான் அடியான் எழுதியது:

தங்கச்சி, நடந்தது பிழை. ஆனால் நாவலரை அவருடைய காலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா? அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள்.

---

பனைநிழல் எழுதியது:

எல்லாரும் அப்படி இருக்கவில்லை ஐயா. வள்ளலார் அவருடைய காலத்தவர்தான். சாதி சமய வேறுபாடு வேண்டாம் என்றார், வடலூரில் 1867ல் தருமசாலை திறந்து பசித்த எல்லாருக்கும் சோறு போட்டார். வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா என்று நாவலருக்கும் வள்ளலார் பக்கத்தாருக்கும் நடந்த அருட்பா மருட்பா வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது உங்களுக்குத் தெரியும். இருவரும் சிவனை நம்பியவர்கள். நம்பிக்கை ஒன்று, போன திசை இரண்டு.

---

மன்னார் மரியான் எழுதியது:

பனைநிழல் அக்காவின் பதிவுக்குப் பிறகு வேறு எதையும் எழுதத் தயக்கமாக இருந்தது. ஆனாலும் எங்கள் பக்கத்தை யாரும் சொல்லவில்லை.

தனிநாயகம் அடிகள் ஊர்காவற்றுறையில் பிறந்த கத்தோலிக்கக் குரு. உரோமையில் இறையியல் படித்தவர். தமிழை முறையாகப் படித்தது அதற்குப் பிறகு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். 1952ல் ஆங்கிலத்தில் ஒரு தமிழாராய்ச்சிச் சஞ்சிகை தொடங்கினார். 1554ல் லிஸ்பனில் அச்சான தமிழ் வேதப் புத்தகத்தை, அது உரோம எழுத்தில் அச்சிட்ட தமிழ், உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர் அவர். புரோயென்சா பாதிரியாரின் 1679ஆம் ஆண்டுத் தமிழ் போர்த்துக்கேய அகராதியை வத்திக்கானில் கண்டெடுத்து 1966ல் மறுபதிப்புச் செய்தார். அதே வருடம் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு. தமிழ் ஒரு உலக மொழி என்று இன்று நாங்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறோமே, அதற்கு ஓடித் திரிந்த கால்களில் ஒரு சோடி அங்கியணிந்த ஒரு குருவுடையது.

அவருடைய குருத்துவம் இதற்கு உதவியதா இடைஞ்சலா என்று பலரும் கேட்பார்கள். நான் நினைப்பது, பைபிளை மூலமொழியில் படிக்கப் பழகிய ஒருவருக்குப் புறநானூற்றையும் அதே பயபக்தியோடு தொட வந்தது. கும்பிடத் தெரிந்த கை.

இன்னொரு பக்கம் எங்கள் கூத்து. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரத்திலும் நாட்டுக்கூத்து தலைமுறை தாண்டி வந்ததற்குக் கோயில் திருநாள் ஒரு பெரிய காரணம். புனிதர் கதையை ஆடுவது நேர்த்தி. கடலில் தப்பினால் கூத்துப் போடுகிறேன் என்று அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டவர்கள் என் சொந்தத்திலேயே உண்டு. கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கு மாதக்கணக்கில் சோறு போட்டு, இரவிரவாகப் பழகி, விடிய விடிய ஆடுவார்கள். ஆடுபவர் கடற்றொழிலாளி. அரங்கேற்றம் முடிந்து விடியும்போது முகத்துப் பூச்சைக் கழுவிவிட்டு அப்படியே வலைக்குப் போன என் மாமாவை நான் கண்டிருக்கிறேன். கலைக்காக மட்டும் என்றால் அந்த அளவு பாடு படுவார்களா தெரியாது. நேர்த்தி என்பதால் பட்டார்கள்.

---

கல்முனை நசீர் எழுதியது:

நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடும் சீறாப்புராணத்தையும் இப்படித்தான் எங்கள் மூத்தவர்கள் படித்தார்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் பொருள் சொல்ல. உமறுப்புலவரின் 5,027 விருத்தம். மக்கா நகரை மருத நிலமாகப் பாடியிருப்பார், நெல் விளையும், தாமரை பூக்கும்! எங்கள் பெரியப்பா அந்த இடம் வந்தால் நிறுத்தி, "இது நம்மட வயல்தான்" என்பார்.

கண்டியில் சித்திலெப்பை 1882ல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை தொடங்கியதும், 1885ல் 'அசன்பே சரித்திரம்' நாவல் எழுதியதும் இதே பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதைதான். நாடு கடத்தப்பட்டு இலங்கைக்கு வந்திருந்த எகிப்தியத் தலைவர் அறபி பாஷாவோடு சேர்ந்து பிள்ளைகளின் படிப்புக்கு உழைத்தார். மார்க்கம் வாழ வேண்டுமென்றால் பிள்ளைகள் வாசிக்க வேண்டும் என்பதே அவருடைய கணக்கு. இலங்கைத் தமிழுக்கு முதல் நாவல் ஒரு மார்க்கப் பற்றாளரின் கையிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்து இழையில் இதையும் ஒரு ஓரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

இளங்கதிர் எழுதியது:

என் நிலைப்பாட்டைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். முழுக்க இல்லை.

விபுலாநந்த அடிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. காரைதீவில் பிறந்து, விஞ்ஞானம் கற்பித்து, 1924ல் இராமகிருஷ்ண மிஷன் துறவியானவர். வழக்கொழிந்து போன யாழ் என்ற கருவியை, சிலப்பதிகார அரங்கேற்று காதையிலிருந்தும் தேவாரப் பண்களிலிருந்தும், கணக்குப் போட்டுக் கண்டெடுத்தார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் காலமாகிவிட்டார்.

அவரை முதலில் விஞ்ஞானி என்றுதான் என் பக்கத்துச் சாட்சியாகக் கொண்டுவர நினைத்தேன். எழுதி வந்தபோது பிடிபட்டது வேறு. தேவாரப் பண் அவருடைய ஆராய்ச்சிக்குக் கிடைத்ததே ஓதுவார்கள் விடாமல் பாடி வந்ததால். கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையும் மாலையும் பாடியாக வேண்டும் என்ற கடமை. அருங்காட்சியகம் செய்ய முடியாத வேலை அது. இதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வண்ணை அண்ணாவின் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: ரொறன்ரோவில் குறைந்தது நம்பிக்கை இல்லை, பயன். தேர் இழுக்க யாருக்கும் எதுவும் விளங்க வேண்டியதில்லை. புராண படனத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் நின்று பொருள் சொன்னார்கள், பிழை சொன்னால் தூணோரத்துக் கிழவர் திருத்தினார். அதை எடுத்துவிட்டு ஒலிபெருக்கியில் அர்ச்சனையை மட்டும் வைத்தால் பிள்ளைகளுக்கு என்ன இறங்கும்? எனக்கு எதுவும் இறங்கவில்லை. நான் அங்கே வளர்ந்தவன்தான்.

---

வண்ணை மைந்தன் எழுதியது:

ஒரு கிழமை எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். பனைநிழல் கேட்டதற்குப் பதில் எழுத எனக்கு நேரம் தேவைப்பட்டது.

எங்கள் கோயிலிலும் வெளியே ஆட்கள் நின்றார்கள், தங்கச்சி. நான் கண்டிருக்கிறேன். சில நாட்களில் அப்பா வழக்கத்தைவிடச் சத்தமாகப் பயன் சொல்லுவார். வெளியே நிற்பவர்களுக்காகத்தான் என்று அம்மா ஒருமுறை சொன்னார். நான் அதை அப்பாவின் பெருமையாக இவ்வளவு காலமும் வைத்திருந்தேன். உங்கள் பதிவைப் படித்தபின் அது போதவில்லை. சத்தத்தைக் கூட்டியவர் வாசலைத் திறக்கச் சொல்லவில்லை. அந்த மண்டபத்தில் அப்பாவின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது, சொல்லியிருக்கலாம்.

இங்கே நிருவாகத்தோடு மறுபடி பேசினேன். மண்டபத்துக்குப் பின்னால் உள்ள அறையை ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு இருபது செய்யுள். செய்யுளையும் பிரித்த சொல்லையும் பெரிய எழுத்தில் அடித்துப் பிள்ளைகள் கையில் கொடுக்கப்போகிறேன். இளங்கதிர், தாள் அடிக்கும் வேலை உங்களுக்கு. யார் வேண்டுமானாலும் இடையில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம், திருத்தலாம். சுந்தர் ஐயா, இலக்கண ஐயம் வந்தால் உங்களுக்கு எழுதுவோம்.

பனைநிழல், நீங்களும் இதே நகரத்தில்தான் என்று பழைய பதிவொன்றில் பார்த்தேன். யுத்த காண்டத்துக்கு உங்கள் அப்பு சொன்ன பயன் உங்கள் அம்மாவுக்கு நினைவிருந்தால், அவர் வந்து சொல்ல வேண்டும். நான் வாசிக்கிறேன்.

---

பனைநிழல் எழுதியது:

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், பானுகோபன் வதை வரைக்கும் தனக்குத் தெரியும், நடுவில் இரண்டு மூன்று படலம் தெரியாது, அவற்றை வேறு யாரும் சொல்லட்டும், தான் இருந்து கேட்பேன் என்றார்.

அறைக்குப் படி ஏற வேண்டுமா? அம்மாவுக்கு முழங்கால் ஏலாது.

---

வண்ணை மைந்தன் எழுதியது:

படி இல்லை. பக்கத்துக் கதவால் நேரே வரலாம். நான் வாசலில் நிற்பேன்.